யாளி, டிராகன், மகரம்: சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது ஒரு டீ செட் கிடைத்தது. சாம்பலும் கறுப்புமாக, கப்பைச் சுற்றி டிராகன் புடைத்து நிற்கிறது. சீன அரண்மனைச் சாமானா?

சீனா இல்லைங்க, ஜப்பான். 20ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென்றே நிறையச் செய்தார்கள். குழைத்த களிமண்ணைப் பிழிந்து பிழிந்துதான் அந்த உடம்பை எழுப்புவார்கள், விரலால் தடவினால் செதில் செதிலாகத் தட்டுப்படும். ஒரு கப்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே அடிப்பாகத்தைப் பாருங்கள், சில செட்டுகளில் ஒரு பெண்ணின் முகம் தெரியும். சாயமே கிடையாது, பீங்கானின் கனத்தைக் கூட்டிக் குறைத்தே கொண்டு வந்த முகம் அது. பெரிய விலை போகாது, ஆனால் அருமையான கைவேலை. நார் போட்டுத் தேய்க்காதீர்கள், புடைப்பு உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஐந்து நகம் இருந்தால் பேரரசருடைய டிராகன் என்று சொல்லி ஒரு கடைக்காரர் ஜாடிக்கு விலை ஏற்றுகிறார். நம்பலாமா?

சீனாவின் மிங், சிங் அரச காலங்களில் ஐந்து நக டிராகன் பேரரசருக்கு உரியது என்பது சரி. ஆனால் 1912இல் முடியாட்சியே போய்விட்டது, அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் ஐந்து நகம் வரையலாம், வரைகிறார்கள். (ஜப்பான் டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்றுதான்.) நகத்தை எண்ணுவதற்கு முன் ஜாடியைக் கவிழ்த்து அடி வளையத்தைப் பாருங்கள். பல காலம் புழங்கிய தேய்மானம் ஒழுங்கில்லாமல் அங்கங்கே இருக்கும், உப்புத்தாள் போட்ட தேய்மானம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். அடியில் ஆங்கிலத்தில் சைனா என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது, அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டுப் பெயரைக் கேட்க ஆரம்பித்த வருடம் அது.

தாரமங்கலத்திலிருந்து: தாத்தா காலத்து மர யாளி ஒன்று வீட்டில் இருக்கிறது. யாளி வீட்டில் இருந்தால் தோஷம், பழைய சாமான் கடையில் போடு என்கிறார்கள். என்ன செய்வது?

போடவே போடாதீர்கள். உங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலில் வாய்க்குள் கல் உருண்டையோடு நிற்கிற யாளியைப் பார்த்திருப்பீர்கள், உருண்டை உள்ளே உருளும், வெளியே வராது, எல்லாம் ஒரே கல்லில் குடைந்தது. சிங்க உடம்பு, சிலவற்றில் யானைத் துதிக்கை, பிதுங்கிய கண் என்று அதைச் செய்தது காவலுக்கு. காவலுக்கு நிற்கிறது எப்படி தோஷமாகும்?

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செருகுவதற்கான கழுந்தோ துளையோ இருந்தால் தேரிலிருந்தோ சாமி வாகனத்திலிருந்தோ வீட்டு உத்திரத்திலிருந்தோ கழன்று வந்திருக்கும், எங்கிருந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கோயிலுடையது என்றால் கோயிலுக்கே போக வேண்டும், அதில் பேரமே இல்லை. உங்களுடையதுதான், நூறு வருடத்துக்கு மேலானது என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக் கறுப்பையும் சுரண்டி வார்னிஷ் அடிக்காதீர்கள், அதன் வயதைச் சொல்வதே அவைதான். காதோ கோரைப்பல்லோ உடைந்திருந்தால் தம்மம்பட்டி மரச்சிற்பிகளிடம் கொண்டு போங்கள், ஆனால் முகத்தைப் புதிதாகச் செதுக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: பழைய வெள்ளித் திருவாசி (சாமி சிலைக்குப் பின்னால் நிற்கும் வளைவு) ஒன்று வந்திருக்கிறது. உச்சியில் உடம்பில்லாத கோர முகம், இரண்டு முனையிலும் முதலை மாதிரி ஒன்று. என்ன அது?

உச்சியில் இருப்பது கீர்த்திமுகம். ஜலந்தரன் என்ற அசுரனின் தூதனாக வந்த ராகுவை விழுங்க சிவன் நெற்றியிலிருந்து பாய்ந்த பூதம் அது, ராகு சரணடைந்ததும் பசி தாங்காமல், சிவன் சொன்னபடி தன் உடம்பையே தின்று முகம் மட்டும் மிஞ்சியது என்பது கதை. முனையில் இருப்பவை மகரம், முதலை வாய், யானைத் துதிக்கை, வால் பக்கம் மீனாகவோ தோகையாகவோ இருக்கும். ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டுப் போரோபுதூர் பௌத்தக் கோயிலிலும் வாசல்களுக்கு மேலே இதே முகம், கீழே இதே மகரம்! எடைக்கு உருக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வேலைப்பாடு பார்த்து வாங்குபவர் வரும்வரை பொறுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: சீன வெண்கலச் சிங்கம் ஒரு ஜோடி. ஒன்றை மட்டும் விற்கலாமா?

வேண்டாங்க. காலடியில் பந்து வைத்திருப்பது ஆண், குட்டி வைத்திருப்பது பெண், இரண்டும் சேர்ந்துதான் வாசலைக் காக்கும், தனியாகப் பிரித்தால் விலையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும்போது இடது பக்கம் ஆண், வலது பக்கம் பெண்.