கிடாயை எடை போடாம விலை பேசாதீங்க
வணக்கம் சகோ. திருநெல்வேலிப் பக்கம் எட்டு கிடாய் நிக்குது, வீட்டுக்கு வர்ற வியாபாரி மொத்தமா கண்மதிப்புல கேக்கறார், குடுக்கலாமான்னு போட்டிருந்தீங்க. இப்போ குடுக்காதீங்க. ஒரு தொங்கு தராசு வாங்கி, காலையில தீனி, தண்ணி காட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எடை போடுங்க. உயிர் எடையில ஏறக்குறைய பாதிதான் கறி. 20 கிலோ கிடாய்னா 9, 10 கிலோ தேறும். அதை உங்க ஊர்க் கறிக்கடை விலையோட பெருக்கிப் பாருங்க. வண்டி வாடகை, கூலி அவருக்கும் உண்டு, அதைக் கழிச்சுப் பேசுறதுதான் நியாயம்.

ஒரு வயசு முடிஞ்சு, பால் பல்லு விழுந்து புதுப் பல்லு போட்டதை மட்டும் பக்ரீத்துக்கு நிறுத்துங்க. குர்பானிக்கு ஊனமில்லாத ஆடுதான் வேணும். அடையாளத்துக்குன்னு காதை அறுத்துடாதீங்க! விக்கறதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு இல்லாமப் போய், விலை மட்டும் விசாரிச்சுட்டு வாங்க.