கச்சான் படம் போட்ட போத்தல்

கேள்வி: கணவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதால் எண்ணெயை மாற்றச் சொல்லிவிட்டார் மருத்துவர். இதுவரை 2.50 ரிங்கிட் பாக்கெட் எண்ணெயில்தான் சமையல். கடைக்காரர் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று எழுதிய, கச்சான் (நிலக்கடலை) படம் போட்ட போத்தலைக் காட்டுகிறார், விலையும் அதிகம். மாமியாரோ தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்த வாசகத்துக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உணவில் கொலஸ்ட்ரால் இறைச்சி, முட்டை, பால் போன்றவை வழியாக வருவது. தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லும்படியாகக் கிடையாது, உங்கள் பாக்கெட்டிலும்தான். நீங்கள் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. மலாயில் ‘லெமாக் தெப்பு’ என்றிருக்கும். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுவது அதுதான்.

போத்தலைப் பின்புறம் திருப்புங்கள். எடையில் அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முகப்பில் கச்சான் குவிந்து கிடக்கும். பட்டியலோ ‘ஓலேன் சாவிட்’ என்று தொடங்கும். அப்படியானால் நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் அதே செம்பனை எண்ணெயே.

100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு செம்பனை ஓலேனில் 40 கிராமுக்குக் குறையாது. கச்சான் எண்ணெயில் சுமார் 17, நல்லெண்ணெயில் 14, சூரியகாந்தியில் 11, கனோலாவில் 7. தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல்! மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்றாடக் குழம்புக்கும் பிரட்டலுக்கும் கனோலா அல்லது சூரியகாந்தி வாங்குங்கள். புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய் இருக்கட்டும். பாக்கெட் எண்ணெயை என்றாவது வடை சுட வைத்துக்கொள்ளலாம். சூட்டில் அது எளிதில் கெடாமல் நிற்பதற்கு அந்த நிறைவுற்ற கொழுப்பும் ஒரு காரணம். வடைக்கு நல்லதாக இருப்பது கணவருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். பொரித்த எண்ணெய் கறுத்துப் புகைந்தால் கொட்டிவிடுங்கள். மின்யாக் சாப்பி (நெய்) டின்னிலும் பட்டியலைப் படியுங்கள். நெய்யோடு செம்பனை கலந்தவையும் விற்பனையில் உள்ளன. அசல் நெய் என்றாலும் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான்.

எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி.

கணவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காலைப் பசியாறல் எங்கே? மார்ஜரின் போட்டுப் பிசைந்த ரொட்டி சானாயும் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் தினமும் வெளியே நடக்கிறதென்றால், வீட்டுப் போத்தலை மாற்றுவது பாதி வேலைதான்.