பிசியோ, பேச்சுப் பயிற்சி: ஒரே இடத்தில் கிடைக்குமா?

நாலு வயசு மகனுக்கு மூளை முடக்குவாதம், பிசியோவுக்கு (இயன்முறைப் பயிற்சி) ஒரு ஊர், பேச்சுப் பயிற்சிக்கு இன்னொரு ஊர் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு அரசின் ‘விழுதுகள்’ மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டும், சிறப்புக் கல்வியும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இல்லையென்றால் அதையும் கையோடு கேட்டுவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் மற்ற சான்றுகளில் இருப்பதைவிட வேறாக இருந்தால் அங்கேதான் இழுக்கும், முன்பே திருத்துங்கள்.

வயிறு முட்ட ஊட்டிக் கூட்டிப்போகாதீர்கள், பயிற்சியில் வாந்தி எடுப்பான். கால் ஸ்பிளின்ட் (காலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் கவசம்) கொடுத்தால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். கணுக்கால் எலும்பு மேல் சிவப்பு அரை மணியில் மறையவில்லையா, அளவு தப்பு. ‘பழகிடும்’ என்று விடாதீர்கள், புண்ணாகும். உடனே சரிசெய்யச் சொல்லுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சியை பயிற்சியாளர்கள் செய்து காட்டும்போதே போனில் வீடியோ எடுங்கள்.