ஃபவுண்டேஷன் வரிசை: ஏழு புத்தகங்களையும் ஒரே செட்டாக வாங்கலாமா?

கேள்வி: ஐசக் அசிமோவின் ரோபோ கதைகளை நூலகத்தில் எடுத்துப் படித்ததிலிருந்து அவர்தான் எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர். அடுத்து ‘ஃபவுண்டேஷன்’ வரிசையைச் சொந்தமாக வாங்க ஆசை. ஆன்லைனில் ஏழு புத்தகங்களையும் ஒரே செட்டாக விற்கிறார்கள். அதில் ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ முதலாவதாக இருக்கிறது. வாங்கியவர்களில் சிலர் ஐந்து நட்சத்திரம் தந்திருக்கிறார்கள், சிலர் ஒன்றுதான். படித்து முடித்ததும் நானும் விமர்சனம் எழுத நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம், எப்படி வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: ஏழையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். ‘ஃபவுண்டேஷன்’ (1951), ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ (1952), ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ (1953) ஆகிய மூன்றை மட்டும் முதலில் வாங்குங்கள். மூன்றாவதின் முடிவில் நிறைவாகவே நிறுத்திக்கொள்ளலாம். 1966-ல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைகளுக்குத் தரும் ஹியூகோ விருது கிடைத்தது இந்த மூன்றுக்குத்தான்.

நான்காவதான ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ வந்தது 1982-ல், அதாவது 29 வருடம் கழித்து. அங்கிருந்து எழுத்தே வேறு ரகம். புத்தகங்கள் தடிமன், உரையாடல் நீளம், வேகம் குறைவு. எட்ஜ் எனக்குப் பிடிக்கும். அதுவும் ஹியூகோ வாங்கியது. ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ (1986) பொறுமையைச் சோதிக்கும். முதல் மூன்றில் மனம் ஒட்டினால் மட்டும் மற்றவற்றுக்குக் காசு செலவழியுங்கள்.

‘பிரிலூட்’ 1988-ல் எழுதியது. கதையில் அது முந்தைய காலம் என்பதால் செட்டில் முதலாவதாக வைத்துவிடுகிறார்கள். அசிமோவே அதன் முன்னுரையில் தன் நாவல்களைக் கதை நடக்கும் கால வரிசையில்தான் பட்டியலிட்டிருக்கிறார். ஆனாலும் புதிதாகப் படிப்பவருக்கு அந்த வரிசையை நான் சொல்லமாட்டேன். 1951-ல் வந்த ‘ஃபவுண்டேஷன்’ புத்தகத்தில், மனிதக் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணித மேதை ஹாரி செல்டன் வயதானவர், கொஞ்ச நேரமே வருகிறார். விண்மீன் மண்டலத்தையே ஆளும் பேரரசு விழுந்த பின் வரப்போகும் 30,000 வருட இருண்ட காலத்தை 1,000 வருடமாகச் சுருக்கத் திட்டம் போட்டுவிட்டு இறந்துபோகிறார். அப்புறம் நெருக்கடி முற்றும் நேரத்தில், பல பத்து வருடங்களுக்கு முன் பதிவு செய்த அவர் உருவம் அறையில் தோன்றிப் பேசுகிறது. அந்தக் காட்சி தரும் சிலிர்ப்பே அவரை நமக்கு அதிகம் தெரியாது என்பதால்தான். ‘பிரிலூட்’டில் அவர் 32 வயது இளைஞர், புத்தகம் முழுக்க ஓடி ஒளிகிறார். அதை முதலில் படித்தால் அந்தச் சிலிர்ப்பு போய்விடும்.

ஒரு நட்சத்திரக் கருத்துகளில் காரணத்தைப் பாருங்கள். “ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறிவிடுகிறார்கள்” என்பது அடிக்கடி வரும் குறை. உண்மைதான். முதல் புத்தகம் ஐந்து பகுதிகள் கொண்டது. அதில் நான்கு, 1942 முதல் 1944 வரை ஒரு பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்தவை. பகுதிக்குப் பகுதி காலம் தாவும். ரோபோ கதைகளை ரசித்த உங்களுக்கு அது தொந்தரவாக இருக்காது.

மற்ற குறைகள் அச்சு, தாள் பற்றியவை. திருட்டுப் பதிப்பு என்றால் எழுத்து மங்கலாக இருக்கும், ஓரம் கோணலாக வெட்டியிருக்கும், பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் உள்பக்க எண்ணும் சில சமயம் ஒத்துப்போகாது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள். போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ வந்தால் விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். செட் என்றால் படத்தை நம்பாமல் விவரத்தில் புத்தகப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

விமர்சனம் கட்டாயம் எழுதுங்கள். கதையைப் பற்றி ஒரு பத்தி, கையில் வந்த பதிப்பைப் பற்றி இன்னொரு பத்தி என்று பிரித்துவிடுங்கள். தாள் மோசம் என்பதற்காக அசிமோவின் நட்சத்திரத்தைக் குறைப்பது நியாயமில்லை. நீங்கள் எந்த வரிசையில் படித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அதுதான் அதிகம் உதவும். இரண்டாவது புத்தகத்தின் பிற்பாதியில் செல்டனின் கணக்கையே கவிழ்க்கும் ஒருவன் வருவான். அவன் யார் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.