மூடிய உடையில் ஒரு ஹாலோவீன்: வாசகியர் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் வாழும் நம் வாசகியரிடமிருந்து அக்டோபர் 31 இரவில் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகையைப் பற்றிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, பெண்களுக்கு உடலை மூடும் வேடம் கிடைப்பதில்லை என்ற ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. அதனால் அதில் தொடங்கி, இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் ஹாலோவீனுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் 31 அன்று எங்கள் பிரிவில் எல்லோரும் வேடமிட்டு வருவதாக முடிவு செய்திருக்கிறார்கள். கடைக்குப் போனால் செவிலியர், காவலர், விமானி, சூனியக்காரி என்று எதை எடுத்தாலும் பெண்களுக்கானது தொடையோடு நின்றுவிடுகிறது. அதே காவலர் வேடம் ஆண்கள் பகுதியில் முழுக்கால்சட்டையோடும் முழுக்கைச் சட்டையோடும் தொங்குகிறது. உடல் தெரியாத வேடத்துக்கு நான் எங்கே போவது? இப்படிக் கேட்பதால் நான் பழமைவாதி ஆகிவிடுகிறேனா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பழமைவாதி இல்லை. தன்னை மறைத்து இன்னொருவராகத் தோன்றுவதற்குத்தான் வேடம் என்று பெயர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்த இரவில் ஆவிகள் உலவும் என்று மக்கள் நம்பிய காலத்தில், சிறுவரும் இளைஞரும் பழந்துணியும் முகமூடியும் அணிந்து, தாம் யாரென்று பக்கத்து வீட்டாருக்கே தெரியாதபடி வீடு வீடாகச் சென்று, ஒரு பாட்டோ செய்யுளோ சொல்லித் தின்பண்டம் பெற்றார்கள். ஆளை அடையாளம் தெரியாமல் போவதில்தான் அந்த விளையாட்டின் சுவையே இருந்தது. அந்த வகையில், முழுதும் மூடிய வேடம் கேட்கும் நீங்கள்தான் கடைக்காரரைவிட இந்தப் பண்டிகையின் பழைய வழக்கத்துக்கு நெருங்கியவர். குட்டையான உடையை விரும்பி அணிகிற பெண்ணின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அது அவருடைய விருப்பம். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் பெண்கள் பகுதியில் வைக்காத கடையின் மேல்தான் என் வருத்தம்.

இனி வழியைப் பார்ப்போம். பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கும் ஆயத்த வேடங்களைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் மெல்லிய பாலியஸ்டர் துணியில் தைத்தவை. ஒளி பட்டால் உள்ளே இருப்பது தெரியும், இரண்டாம் முறை உடுத்துவதற்குள் தையல் பிரிந்துவிடும். அப்படியே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஆண்கள் பகுதியிலோ இருபாலருக்கும் பொது என்று எழுதிய பகுதியிலோ சிறிய அளவை எடுத்து, கால்சட்டையின் நீளத்தை மட்டும் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பகுதியில் ஒன்று பிடித்துப்போனால் ஓர் அளவு பெரியதாக வாங்கி, உள்ளே கழுத்துவரை மூடும் கறுப்பு முழுக்கை பனியனும் தடித்த லெக்கிங்ஸும் அணியுங்கள். உங்கள் ஊரில் அக்டோபர் இறுதியின் குளிருக்கு அது எப்படியும் வேண்டியிருக்கும்.

ஆனால், என்னைக் கேட்டால், எந்தத் தொழிலின் உடை இயல்பிலேயே உடலை மூடுகிறதோ அந்தத் தொழிலை வேடமாக எடுத்துக்கொள்வதே மிகச் சிறந்த வழி. தேனீ வளர்ப்பவரை நினைத்துப் பாருங்கள். வெள்ளை முழு அங்கி, கையுறை, அகன்ற தொப்பி, அதிலிருந்து தொங்கும் வலை. முகம்கூட அரைகுறையாகத்தான் தெரியும், பார்த்தவுடன் யாரென்றும் புரிந்துவிடும். சோளக்கொல்லைப் பொம்மைக்குத் தொளதொளத்த கட்டம் போட்ட சட்டையும், பழைய ஜீன்ஸும், வைக்கோல் தொப்பியும், மணிக்கட்டில் கட்டிய நாலு வைக்கோலும் போதும். நீதிபதி வேடத்துக்குக் கறுப்பு அங்கியும் வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டியும் இருந்தால், 1993 முதல் 2020 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்று உங்கள் அலுவலகத்தில் எவரும் கண்டுகொள்வார்கள். 1943இல் ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்த சுவரொட்டியில், தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணியைக் கட்டி, நீலச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளிப் பெண்ணையும் இந்த நாட்டில் அறியாதவர் குறைவு. அந்த வேடத்துக்குத் தேவையான துணி உங்கள் அலமாரியிலேயே இருக்கக்கூடும்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது விண்வெளி வீராங்கனை வேடம். விண்வெளி ஓடத்தில் சென்றவர்கள் புறப்படும்போதும் இறங்கும்போதும் அணிந்த ஆரஞ்சு நிற முழு உடைக்கு, அதன் நிறத்தால், அவர்களிடையே ‘பூசணி உடை’ என்றே செல்லப்பெயர் இருந்தது. ஹாலோவீனுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? 1997இலும் 2003இலும் விண்ணுக்குச் சென்ற கல்பனா சாவ்லா அந்த உடையில் நிற்கும் படத்தை உங்கள் சக ஊழியர்களுக்குக் காட்டி, அவர் யாரென்று சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வேலையாள் அங்கி ஒன்றைப் பழைய துணிக் கடையில் வாங்கி, தோளில் ஒரு கொடித் துண்டைத் தைத்தால் வேடம் முடிந்தது. அவர் 2003 பயணத்தில் உயிர் நீத்தவர் என்பதால், கரியோ காயமோ பூசாமல் மரியாதையோடு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேயாக வருவது எளிது, அழகும்கூட. ஆனால் தலைப்பக்கம் கூம்பாக நிற்காதபடி உருண்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு வைத்த வெள்ளை முகமூடி அமெரிக்காவில் கு க்ளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கூட்டத்தின் அடையாளம். நம்மவர்கள் அறியாமல் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை அணிந்து போங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். பதினைந்து வயது மகள் தோழி வீட்டு விருந்துக்காக ஒரு வேடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி, அவள் அப்பாவுக்குக் கோபம். ‘எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்’ என்று அழுகிறாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: தங்கச்சி, கோபத்தில் சொல்லும் முதல் வார்த்தையை அவள் முப்பது வயதிலும் நினைவில் வைத்திருப்பாள். ‘வெட்கமில்லையா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த உடையை அணியப்போகும் தோழிகளைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். அவள் அவர்களுக்காகப் பரிந்து பேசத் தொடங்கினால், பேச்சு உடையை விட்டு எங்கோ போய்விடும்.

அவளுக்கு எந்தப் பாத்திரம் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். அவளுடைய ஆசை பெரும்பாலும் அந்தப் பாத்திரத்தின் மேல்தான் இருக்கும். கடைக்காரர் அதை எந்த அளவில் வெட்டித் தைத்திருக்கிறார் என்பதை அவள் யோசித்திருக்கவே மாட்டாள். பாத்திரத்தை வைத்துக்கொண்டு, உடையை நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யலாம். நீளமான பாவாடை, மேலே ஒரு கோட்டு, உள்ளே முழுக்கை பனியன் என்று அவளையே சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு விதி மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஓட, உட்கார, குனிய முடிகிற உடை, குளிரைத் தாங்குகிற உடை. அண்ணனுக்கு இல்லாத விதி தங்கைக்கு மட்டும் இருந்தால், அதை அவள் ஏற்காமல் போவதில் நியாயம் உண்டு.

நடந்து செல்வார்கள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டியில் அடிபட்டு இறக்கும் ஆபத்து, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். நாம் விரும்பும் நீண்ட கறுப்பு அங்கி இருட்டில் ஓட்டுநர் கண்ணில் படாது என்பதை நாமே மறந்துவிடுகிறோம். முதுகிலும் கையிலும் ஒளியைத் திருப்பும் பட்டை ஒட்டுங்கள். அங்கியின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், மெழுகுவத்தி இருக்கும் வாசற்படியில் தரையில் புரளும் துணி வேண்டாம்.

கேள்வி: இல்லினாய்ஸில் வசிக்கிறோம். குழந்தைக்கு ஹாலோவீன் என்றால் உயிர். எனக்கோ வாசலில் எலும்புக்கூட்டைத் தொங்கவிட மனம் வருவதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை ‘பேய்க்கு ஒரு பண்டிகையா’ என்று தினமும் கேட்கிறார்கள். நானே முழு மனதோடு இல்லாதபோது அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: முழு மனதோடு கொண்டாடுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பண்டிகை என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அம்மா. எனக்கும் இதில் பாதி மனம்தான்.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்கு முந்தைய நாளான நவம்பர் 1 புனிதர்கள் அனைவருக்குமான திருநாள். 9ஆம் நூற்றாண்டில், போப் நான்காம் கிரகோரியின் காலத்தில், அந்தத் தேதி ஐரோப்பாவில் பரவலாக நிலைபெற்றது. புனிதர் திருநாளின் முன்னிரவு என்பதே ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். அதே பருவத்தில் அயர்லாந்தின் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைச் சம்ஹெய்ன் என்று கொண்டாடினார்கள். இரண்டும் கலந்துதான் அயர்லாந்துக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்கு வந்தன. அங்கே டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே பெரிய பூசணியைக் கண்டதும் அதற்கு மாறிக்கொண்டார்கள். இறந்தவரை நினைக்கும் நாள்களின் வாசலில் இந்த இரவு நிற்கிறது. புரட்டாசி மகாளயத்தில் முன்னோருக்குப் படைக்கிற நமக்கு அது புரியாத செய்தி இல்லை.

வேடமிட்டு வீடு வீடாகக் கேட்டுப் போவதும் நமக்குப் புதிதா? குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் காவலராகவும் வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்களே. இரண்டின் நோக்கமும் வேறு, பக்தியை மிட்டாயோடு ஒப்பிடவும் மாட்டேன். ஆனாலும் வேடமிட்டு வந்த பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு என்பதை அத்தைக்கு நினைவூட்டலாம். அமெரிக்கக் குழந்தைகளும் மிட்டாயை மட்டும் கேட்கவில்லை. 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கி, ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃபுக்காகச் சில்லறை திரட்டும் பெட்டியோடும் இந்த இரவில் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

பிடிக்காததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023இல் அமெரிக்கர்கள் இதற்காக 1,220 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணக்கிட்டது. அதில் எவ்வளவு மறுவாரமே குப்பைக்குப் போகும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ரத்தம் வழியும் பொம்மைகளும் எனக்கு ஆகாது. என் தந்தை காலமான ஆண்டின் அக்டோபரில், எதிர்வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த தெர்மோகோல் கல்லறைகளைக் கடந்து நடக்க முடியாமல், தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அன்று இரவு அதே வீட்டுச் சிறுமி, தன் பாட்டி பின்னிய ஆந்தைச் சிறகுகளோடு வந்து, பையை நீட்டி, ‘நன்றி’ என்றாள். கதவைத் திறந்ததற்காக நான் வருந்தவில்லை. இரண்டும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

ஆகவே எலும்புக்கூட்டை விட்டுவிட்டு, ஒரு பூசணி விளக்கையும் மிட்டாய்த் தட்டையும் வாசலில் வையுங்கள். அத்தைக்கு உடல் முடியாத நாளானால், வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரியாத வீட்டைத் தட்டக் கூடாது என்பது பிள்ளைகள் அறிந்த வழக்கம். அந்நியர் மிட்டாயில் நஞ்சு வைப்பார்கள் என்ற பயம் அத்தைக்கு இருந்தால் அதையும் போக்குங்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் துருவியும், முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றைக்கூடக் காணவில்லை.

குழந்தைக்கு வேடம் என்னவென்று அத்தையையே கேளுங்கள். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ஔவையாரை அலங்கரித்த தலைமுறை அவர்களுடையது. நரைமுடியும், நெற்றியில் திருநீறும், கையில் கோலுமாக உங்கள் மகளை அவர்கள் ஒரு மணி நேரத்தில் தயார் செய்துவிடுவார்கள்.

கேள்வி: அலுவலகத் தோழி ஒருத்தி, ஹாலோவீனுக்கு என் புடவையைக் கட்டி ‘இந்திய இளவரசி’யாக வரட்டுமா என்கிறாள். நல்லவள்தான், ஆனாலும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

பதில்: உங்களுக்கு அப்படி இருப்பதே போதிய காரணம். 2011இல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர்கள், தம் பண்பாடு பிறருக்கு வேடம் ஆகாது என்று சுவரொட்டிகள் அச்சிட்டுச் சொன்னது இதைத்தான். நாம் வேலைக்கும் கோயிலுக்கும் உடுத்துவதை அவள் ஓர் இரவின் வேடிக்கையாக உடுத்துவது நெருடுகிறது. ஒரு பெயரும் கதையும் உள்ள மனிதராக வருவது வேறு. 1886இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியாக, புடவையும் மருத்துவப் பையுமாக நீங்களே போகலாமே. தோழிக்கு மென்மையாக மறுப்புச் சொல்லிவிட்டு, தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து அன்று அவளுக்குப் புடவை கட்டிவிடுங்கள். ரவிக்கை தைக்க நாளாகும் என்பதால் அளவை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.