பன்றி எருவின் வாடையும் தீவனத்தில் போடும் பொடிகளும்

கேள்வி: பல்லடம் பக்கம் 40 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். 100 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 56, சோயா புண்ணாக்கு 25, தவிடு 16 கிலோ. மீதி தாது உப்பு, கல் உப்பு, ஒரு கிலோ டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்). இதோடு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). எல்லாவற்றையும் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுகிறேன். கொட்டகைக் கழிவு முழுவதும் ஒரு ஏக்கர் தென்னந்தோப்புக்குப் போகிறது. அங்கேதான் என் செம்மறிகளும் மேய்கின்றன. வாடை தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சண்டை. பைட்டேஸ் என்சைம் போட்டால் வாடை போகும், எருவும் நல்லதாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா டாக்டர்?

பதில்: பைட்டேஸ் இருக்கட்டும். முதலில் செம்மறிகளைத் தோப்பிலிருந்து ஓட்டி வேறு இடத்தில் கட்டுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பைட்டேஸ் நல்ல பொருள்தான், ஆனால் வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றிலுள்ள பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி பன்றிக் குடலில் போதிய அளவு இல்லாததால், அது அப்படியே விட்டையில் வந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் டி.சி.பி. போடுகிறோம். பைட்டேஸ் பூட்டைத் திறந்துவிட்டால் டி.சி.பி.யைக் குறைக்கலாம். குறைக்காமல் பைட்டேஸை மட்டும் சேர்த்தால் எருவில் பாஸ்பரஸ் குறையாது, காசுதான் போகும்.

கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் போதும். கிராமுக்கு 5,000 யூனிட் உள்ள பொடி என்றால் 100 கிலோவுக்கு வெறும் 10 கிராம். டி.சி.பி.யை அரைக் கிலோவாக்கிவிடலாம். 10 கிராமை அப்படியே தூவினால் ஒரு பன்றிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்றாகும். முதலில் ஒரு கிலோ தவிட்டில் பிசறி, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். ஆனால் நீங்கள் காய்ச்சுகிறவர். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, ஊற்றப்போகும் நேரத்தில் கலக்குங்கள். சுண்ணாம்புத் தூளைக் கூடுதலாக அள்ளிப் போடாதீர்கள், கால்சியம் மிஞ்சினால் நொதியின் வேலை கெடும்.

வாடைக்கு வருவோம். உங்கள் கலவையில் புரதம் 18 சதவீதம் வருகிறது. 50 கிலோ தாண்டிய பன்றிக்கு அது அதிகம். மிஞ்சும் புரதம் யூரியாவாகி மூத்திரத்தில் இறங்குகிறது. அந்த மூத்திரம் விட்டையோடு சேர்ந்ததும் விட்டையிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். 5 கிலோ சோயாவை எடுத்துவிட்டு, 4 கிலோ 850 கிராம் மக்காச்சோளமும் 150 கிராம் லைசின் என்ற அமினோ அமிலமும் போடுங்கள். புரதம் பதினாறரைக்கு இறங்கும், வளர்ச்சி குறையாது. புரதம் ஒரு சதவீதம் இறங்கினால் கழிவில் போகும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் குறையும் என்பது கணக்கு. இதற்கு மேல் சோயாவைக் குறைக்க ஆசைப்படாதீர்கள், மற்ற அமினோ அமிலங்கள் பற்றாமல் போகும். கூடவே தரையைச் சரிவாக்கி மூத்திரம் தனி வாய்க்காலில் ஓடும்படி செய்து, விட்டையை இரண்டு வேளையும் வாரிவிடுங்கள். என் அனுபவத்தில், வாடை போக்கும் பொடி என்று விற்பதையெல்லாம்விட மண்வெட்டிதான் கெட்டிக்காரத்தனமான முதலீடு.

இப்போது மயில்துத்தம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 100 கிராம்தான் எனக்குத் திக்கென்றது. அதில் கால் பங்கு தாமிரம், ஆக கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம். பன்றிக்கு உண்மையான தேவை பத்து மில்லிகிராம்கூட இல்லை, அதுவும் தாது உப்பிலேயே வந்துவிடும். பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சலைக் குறைத்து வளர்ச்சியைக் கூட்டும் என்பது மெய்தான். வளர்ந்த பன்றிக்கு அவ்வளவு பலனில்லை, போட்டதில் பெரும்பகுதி விட்டையில் வெளியேறிவிடும். ஒரு பன்றி 250 கிலோ தீவனம் தின்றால், 40 பன்றிக்கு ஒரு தொகுதியில் 10 கிலோ மயில்துத்தம். ஆண்டுக்கு இரண்டு தொகுதி என்றால், 20 கிலோ மயில்துத்தத்தை அந்த ஒரு ஏக்கரில் கொட்டுகிற மாதிரிதான். தாமிரம் மட்கவும் செய்யாது, ஆவியாகவும் செய்யாது. மேல்மண்ணிலேயே வருடா வருடம் சேரும். அதனால் வளரும் பன்றிகளின் கலவையிலிருந்து மயில்துத்தத்தை இன்றே நிறுத்துங்கள்.

கால்நடைகளில் தாமிரத்தைத் தாங்கவே முடியாத ஜீவன் செம்மறி. கழிவு படிந்த புல்லைத் தின்னத் தின்ன தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் ஆடு நன்றாகத்தான் தெரியும், பிறகு ஒருநாள் திடீரென்று சாயும். தினமும் கண் இமையைப் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் தட்டினாலோ, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தோப்பில் கழிவு விட்ட கதையையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.