‘பணம்’ சொல்ல வருமா? பிரெஞ்சும் வரும்: அயல்மொழி பேசப் பழகுவோருக்குக் கேள்வி-பதில்

பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி ஜெர்மன் பற்றியவை. மிச்சம் ஜப்பானிய மொழியும் பிரெஞ்சும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

ஜெர்மன் பி1 (ஆறு நிலைகளில் மூன்றாவது) முடித்துவிட்டேன். பயிற்சித்தாளில் தப்பே வராது. ஆனால் அலுவலகக் கூட்டத்தில் மூனிக்கிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. இன்னும் இலக்கணம் படிக்கணுமா? – ஒயிட்ஃபீல்டு

வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்ப உங்களுக்கு அரை நிமிடம் இருக்கிறது. பேச்சில் ஒரு விநாடி தாமதித்தாலே அடுத்தவர் உள்ளே புகுந்துவிடுவார். தெரிந்ததை வேகமாக எடுக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு 4-3-2 என்ற பயிற்சி உண்டு. கீத் மாரிஸ் என்பவர் 1983-ல் முன்வைத்தது. நேற்று அலுவலகத்தில் நடந்தது மாதிரி சாதாரண விஷயம் ஒன்றை எடுங்கள். ஒரு நிமிடம் மட்டும் யோசித்துவிட்டு, கைபேசியில் பதிவை ஓடவிட்டு 4 நிமிடம் பேசுங்கள். பிறகு அதே விஷயத்தை 3 நிமிடத்தில். பிறகு 2 நிமிடத்தில். மூன்றாம் தடவை ‘ம்… வந்து…’ எல்லாம் தானாகக் கழன்றுபோகும். 4 நிமிடம் மலைப்பாக இருந்தால் 2, ஒன்றரை, 1 என்று தொடங்கலாம்.

பதிவைக் கேட்டு, எங்கே நின்றீர்கள் என்று ஐந்து இடங்களை மட்டும் குறியுங்கள். அந்த ஐந்துக்கும் முழுத் தொடராக விடை தேடுங்கள். தனிச் சொல்லாகத் தேடினால் அடுத்த தடவையும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். மறுநாளும் அதே தலைப்பு. இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: தினம் புதுத் தலைப்பு எடுக்கிறார்கள், நடுவில் அகராதி புரட்டுகிறார்கள், அல்லது எழுதிவைத்துப் படிக்கிறார்கள். எழுதிவைத்துப் படித்தால் கண்ணுக்குத்தான் பயிற்சி.

ஆங்கிலத்தில் யோசித்து, அதை மனசுக்குள் ஜெர்மனாக மாற்றித்தான் பேசுகிறேன். மெதுவாகவும் தப்பாகவும் வருகிறது. – கோரமங்களா

ஆங்கிலத்தை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்? தமிழிலிருந்து போங்கள், பல இடங்களில் குறுக்கு வழி கிடைக்கும். ‘எனக்குக் குளிருது’ என்பதற்கு ஜெர்மனில் ‘மீர் இஸ்ட் கால்ட்’. ‘மீர்’ என்றால் ‘எனக்கு’தான். ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு ‘நான்’ என்று ஆரம்பித்து ‘இஷ் பின் கால்ட்’ என்றால், ஈரமில்லாத ஆள் என்று நீங்களே சொல்லிக்கொள்வது மாதிரி ஆகும். ‘எனக்குப் பிடிச்சிருக்கு’, ‘எனக்கு வருத்தமா இருக்கு’ இரண்டிலும் இதே ‘எனக்கு’ வரும். ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் ஆங்கிலக்காரருக்குத்தான் தலைவலி. நமக்குப் பிறந்ததிலிருந்தே வினை கடைசியில்தானே?

நீ–நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு. ஆனால் நம் கணக்கு பொருந்தாது: ஜெர்மன் குடும்பத்தில் மாமனாருக்கும் ‘நீ’தான். கூச்சப்படாதீர்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறேன். டீச்சர் திட்டுகிறார். அதில் என்ன தப்பு? – மர்ஃபி டவுன்

டீச்சர் பக்கம்தான் நியாயம். இந்தப் பக்கத்தில் நாங்களும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம். எந்தச் சொல் என்று அடையாளம் காட்ட அது போதும், உச்சரிக்கப் போதாது.

ஜெர்மனில் தோட்டமும் ‘கார்டன்’, சீட்டுகளும் ‘கார்டன்’. முதலாவது ‘கீதா’ என்னும்போது வரும் ‘க’, இரண்டாவது ‘கல்’லில் வரும் ‘க’. தமிழில் ஒரே எழுத்து என்பதால் நோட்டைப் பார்த்துப் படிக்கும்போது வித்தியாசம் தொலைந்துவிடும். ஆனால் உங்கள் வாய்க்கு அது தெரியும். கன்னடத்தில் காற்றுக்கும் ‘காளி’, அம்மனுக்கும் ‘காளி’ என்றுதானே தமிழில் எழுதுவோம்? பேசும்போது பெங்களூருத் தமிழர் யாரும் இரண்டையும் குழப்புவதில்லை. கன்னட எழுத்து தெரிந்தால் அதில் குறித்துக்கொள்ளுங்கள். க, ட, த, ப நான்குக்கும் வன்மையும் மென்மையும் தனித்தனி எழுத்தாகக் கிடைக்கும்.

நோட்டை மூடிய பிறகும் தமிழ் நாக்கு நான்கு இடத்தில் இடறும்.

சொல் தொடக்கத்தில் வரும் வன்மையான ப, ட, க மூன்றையும் ஜெர்மானியர் மூச்சோடு வெளித்தள்ளுவார்கள். நாம் மூச்சில்லாமல் சொல்வதால் அவர்கள் காதில் மென்மையான ஒலியாக விழும். மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்துச் சொல்லுங்கள். தாள் ஆட வேண்டும். பிரெஞ்சுக்கு இதற்கு நேர்மாறு: தாள் ஆடக் கூடாது, அதாவது நம் வழக்கமே சரி.

அடுத்தது, கடைசியில் ஒட்டும் ‘உ’. பஸ்ஸு, பேங்க்கு என்று பழகிய வாய், ரயிலுக்கான ‘ட்ஸூக்’கை ‘ட்ஸூக்கு’ ஆக்கிவிடும். கடைசி ஒலியில் அடைத்து நிறுத்துங்கள். முதலில் ஒட்டும் ‘ய’வும் அப்படித்தான்: ‘எட்டு’ பேச்சில் ‘யெட்டு’ ஆவது போல, முடிவு என்று பொருள்படும் ‘எண்ட’ ‘யெண்ட’ ஆகிறது. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்து தொடங்கினால் ‘ய’ வராது.

நான்காவது, ஜெர்மனில் மேலே இரட்டைப் புள்ளி வைத்து எழுதும் உயிரெழுத்துகள். ‘ஈ’ என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள்: ஒன்று கிடைத்தது. ‘ஏ’ சொல்லி ‘ஓ’வுக்குக் குவித்தால் இன்னொன்று. கண்ணாடி முன்னால் ஒரு வாரம் செய்தால் போதும்.

கணவர் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறார். விசாவுக்காக ஏ1 (தொடக்க நிலை) தேர்வு எழுதப்போகிறேன். பேச்சுத் தேர்வை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. – அல்சூர்

முதலில் ஒன்றைப் பாருங்கள்: கணவர் ப்ளூ கார்டில் (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி) இருந்தால் துணைவிக்கு இந்தச் சான்றிதழ் விலக்கு உண்டு. தூதரக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேவைப்பட்டால், ஜெர்மன் மொழி நிறுவனமான கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 பேச்சுத் தேர்வு ஏறக்குறைய 15 நிமிடம், சிறு குழுவாக நடக்கும். முதலில் உங்களைப் பற்றிச் சொல்வது, அடுத்து அட்டையில் உள்ள சொல்லை வைத்துக் கேள்வி கேட்டுப் பதில் சொல்வது, மூன்றாவது ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குவது. மொத்தம் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அந்த 100-ல் பேச்சுக்கு 25.

பலர் சறுக்குவது முதல் பகுதியில், அதுவும் சொந்தப் பெயரில். தேர்வாளர் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார், ஓர் எண்ணும் கேட்பார். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று சொல்லும் எழுத்து ஜெர்மனில் ‘ஏ’. ஆங்கில ‘ஐ’ அங்கே ‘ஈ’. ஆங்கில ‘ஏ’ அங்கே ‘ஆ’. செல்வி என்ற பெயர் ‘எஸ், ஏ, எல், ஃபௌ, ஈ’ என்று வர வேண்டும். பழக்கத்தில் ‘எஸ், ஈ’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ‘சி’ என்று எழுதத் தொடங்கிவிடுவார். தமிழ்ச்செல்விகளுக்கு ‘ழ’வுக்காக ‘ட்ஸெட், ஹா’ கூடுதல் வேலை. உங்கள் பெயர், கணவர் பெயர், தெரு, ஊர் நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை பழகுங்கள்.

எண்ணில் ஒன்றாம் இலக்கம் முன்னால் வரும்: 47 என்பது ‘ஏழும் நாற்பதும்’. கேட்கும்போது பாதியிலேயே எழுதினால் 74 ஆகிவிடும். முழுசாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது முன்னால் உள்ள வண்டி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லிப் பாருங்கள். அங்கே நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஜெர்மன் பேச வாயெடுத்தால் கன்னடமும் இந்தியும் வருகிறதே? – சிவாஜி நகர்

முதல் மொழி அல்லாததையெல்லாம் மூளை ஒரே பெட்டியில் போட்டுவைத்த மாதிரி இருக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான். சொல் கிடைக்காத அந்த ஒரு விநாடியில்தான் மற்ற மொழி உள்ளே வருகிறது; அந்த விநாடியை ஜெர்மனாலேயே நிரப்புங்கள். ‘அல்ஸோ…’, ‘மொமென்ட்’ என்று இழுத்தால் போதும். ஜப்பானியத்துக்கு ‘ஏத்தோ…’, பிரெஞ்சுக்கு ‘அலோர்…’.

தினம் மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஒரு மணி நேரம் பாட்காஸ்ட் கேட்கிறேன். ஆறு மாதமாகியும் பேச்சு வரவில்லை. – கெங்கேரி

கேட்டால் கேட்கத்தான் வரும். ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு 30 விநாடியைப் பிடியுங்கள். எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற பதிவாக இருக்கட்டும். ஜெர்மனுக்கு, அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே தரும் ‘நீகோஸ் வேக்’ காணொளிப் பாடங்கள் ஏ1 முதல் பி1 வரை இலவசம். அதற்கு மேல் போனவர்களுக்கு அவர்களுடைய மெதுவான செய்தி வாசிப்பு இருக்கிறது.

ரயிலில், எழுத்தைப் பார்க்காமல் இரண்டு தடவை கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்து, எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று குறியுங்கள். மீதி வேலை மொட்டை மாடியில்: தொடர் தொடராக நிறுத்தித் திருப்பிச் சொல்லி, அப்புறம் நிறுத்தாமல், பேசுகிறவருக்கு அரை விநாடி பின்னால் நிழல் மாதிரி ஐந்தாறு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். கடைசியாக உங்கள் குரலைப் பதிந்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முணுமுணுப்பதில் பயனில்லை, மூச்சும் வாயும் முழுசாக வேலை செய்ய வேண்டும்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை தேறியும், நேர்காணலில் ஜப்பானிய மொழி பேச வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். – எலக்ட்ரானிக் சிட்டி

அந்தத் தேர்வில் பேச்சே கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஆகவே சான்றிதழ் இருந்தும் வாய் வராமல் போவதில் ஆச்சரியமில்லை.

வாக்கிய அமைப்பில் நமக்கு இதைவிடச் சுலபமான அயல்மொழி கிடைப்பது கஷ்டம். ‘கினோ, தொமோதாச்சி தொ மைசூரு நி இகிமாஷ்தா’: நேத்து, நண்பன்-ஓட, மைசூரு-க்கு, போனேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. உருபுகளைத் தமிழோடு ஒட்டவைத்துவிடுங்கள்: ‘கரா’ = இருந்து, ‘மதே’ = வரைக்கும், ‘மோ’ = உம், கடைசியில் வரும் ‘கா’ = வந்தானா, போனானா என்கிற ‘ஆ’.

குறில் நெடிலும் நமக்குப் பழகியதே. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி; படு–பாடு வித்தியாசம் கேட்கிற காதுக்கு இது பெரிய விஷயமில்லை. கவிழ்வது வேறு இடத்தில். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றைக் ககரத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம்: அகம், பகல். ஜப்பானியத்தில் அப்படிச் செய்தால் ‘ககி’ என்ற சீமைப்பனிச்சம் (பெர்சிமன்) பழம் சாவியாகிவிடும்! ‘கக்கி’ என்று எழுதி, அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரட்டிப்பை விட்டுவிடுங்கள், பழம் கிடைக்கும்.

நேர்காணலுக்கு இரண்டு விஷயம் தயாராக இருக்கட்டும். ஒன்று, ம் கொட்டுவது. அவர் பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் புரியவில்லை என்று நினைப்பார். ‘ஹாய்’, ‘சோ தெஸ் நே’ என்று இடையிடையே வர வேண்டும். இரண்டு, சம்பளம். அவர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். அந்தப் பத்தாயிரத்துக்கு ‘மான்’ என்று பெயர். 1 லட்சம் = 10 மான், 10 லட்சம் = 100 மான், 1 கோடி = 1,000 மான். மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது, மனப்பாடமாக இருக்க வேண்டும்.

செயலியில் 200 நாள் விடாமல் படித்திருக்கிறேன். இது போதுமா? – ஹெப்பால்

சொல் சேர்க்கப் போதும். உச்சரிப்பைச் சோதிக்க வேண்டுமானால் கைபேசி விசைப்பலகையில் அந்த மொழியைச் சேர்த்து, மைக்கை அழுத்தி, தனித்தனிச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். மேலே சொன்ன தோட்டமும் சீட்டும் சரியாக விழுகிறதா? முழு வாக்கியமாகச் சொன்னால் இயந்திரம் பொருளை வைத்து ஊகித்து உங்கள் தப்பை மறைத்துவிடும்.

எனக்கு 61 வயது. மகன் லியோனில், மருமகள் பிரெஞ்சுக்காரப் பெண். 3 வயதுப் பேத்திக்குப் பிரெஞ்சு மட்டும்தான் வரும். போகிறதற்குள் நாலு வார்த்தையாவது பேச முடியுமா? – ஜெயநகர்

முடியும் அம்மா. வகுப்பெல்லாம் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையோடு ஐம்பது தொடரில் ஒரு மாதம் ஓட்டிவிடலாம்: வா, இந்தா, பொறு, சாப்பிட்டியா, காட்டு, இன்னும் வேணுமா, போதும். மருமகளிடம் இவற்றை அவர் குரலில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீங்கள் திருப்பிச் சொல்ல ஐந்து விநாடி இடைவெளி விடட்டும். நாளைக்கு ஐந்து தொடர், அடுத்த நாள் பழைய ஐந்தும் புதுசாக மூன்றும்.

பிரெஞ்சு மூக்கொலிகளைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். நீங்கள் தினமும் சொல்கிற ஒலிகள்தான் அவை. ‘பணம்’ என்று வீட்டில் பேசும்போது கடைசி ‘ம்’மில் உதடு மூடுவதில்லை, ‘ஓ’ மூக்கு வழியாகப் போகிறது. அதுதான் ‘செ போ(ன்)’, நல்லா இருக்கு என்பதன் கடைசி ஒலி. பேச்சில் ‘அவன்’ எப்படி முடிகிறதோ, ‘வா’ என்பதற்கான ‘வியெ(ன்)’னும், ‘இந்தா’ என்பதற்கான ‘தியெ(ன்)’னும் அப்படியே முடியும். ‘வந்தான்’ முடிகிற மாதிரி, ஆனால் சற்றுக் குறுக்கி, ‘பொறு’ என்பதற்கான ‘அத்தா(ன்)’. நாக்கு நுனி எங்கேயும் மேலே ஒட்டக் கூடாது. ஒட்டினால் ‘ன்’ கேட்டுவிடும். விரலால் மூக்கைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். ஒலி அடைபட்டால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

தப்பு வந்தால் பேத்தியே திருத்துவாள். அந்த வயதுக் குழந்தைகள் ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை சொல்லிக் காட்டச் சலிப்பதில்லை.